மூன்றாம் வகுப்புப் பையனை நவம்பர் 1 அன்று பள்ளிக்கு அனுப்புவதா, காத்திருப்பதா?

திருமங்கலம் தாய் (26 அக்டோபர் 2021)

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. வருகிற திங்கட்கிழமை, நவம்பர் 1 முதல், ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறக்கப்படும் என்று அரசு அறிவித்ததிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. என் கணவர் அனுப்பலாம் என்கிறார். மாமியார் கூடாது என்கிறார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே படுகிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளியை மூடியபோது மகன் ஒன்றாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தான். இரண்டாம் வகுப்பறையை அவன் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இப்போது மூன்றாம் வகுப்பு என்று பெயர். அன்றைக்கு எழுத்துக்கூட்டித் தெருப் பலகைகளை வாசித்துக்கொண்டு வந்த பிள்ளை, இன்று கொம்பு எது, கால் எது என்று தடுமாறுகிறான். வீட்டில் ஒரே கைப்பேசி. கணவர் கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை செய்வதால் அதை எடுத்துச் சென்றுவிடுவார். ஆசிரியர் காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பாடத்தை இரவு எட்டு மணிக்குத்தான் பிள்ளைகள் பார்க்க முடிகிறது. அந்நேரம் சின்னவன் தூங்கி விழுகிறான்.

என்னைத் தயங்க வைப்பவை இவைதான். மகனுக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தாலே இளைப்பு வரும். மருத்துவர் கொடுத்த இன்ஹேலர் வீட்டில் இருக்கிறது. மாமியாருக்கு எழுபது வயது, பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஜூலை முதல் வாரத்தில் கோவிஷீல்டு தடுப்பூசி ஒரு தவணை போட்டார். இரண்டு நாள் காய்ச்சல் அடித்ததால் அடுத்த தவணைக்கு வரமாட்டேன் என்று உறுதியாக இருக்கிறார். அவர் பக்கத்தில்தான் பேரன் படுத்துத் தூங்குவான். மே மாதத்தில் எங்கள் தெருவிலேயே கணவரின் பெரியப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம். அவர் திரும்பவில்லை, முகத்தைக்கூடப் பக்கத்தில் நின்று பார்க்க முடியவில்லை. அந்தப் பயம் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை.

பள்ளிக்குப் போய்வருவது ஷேர் ஆட்டோவில். பத்துப் பிள்ளைகளை அடைத்து, மழை வந்தால் தார்ப்பாய்த் திரையையும் இறக்கிவிடுவார்கள். வருகை கட்டாயமில்லை என்று அரசே சொல்லியிருப்பதால், தீபாவளி முடிந்து பார்க்கலாமா, பொங்கல் வரை பொறுக்கலாமா என்று யோசிக்கிறேன். பிள்ளைகளோடும் நோயோடும் பழகியவர்கள் வழிகாட்ட வேண்டும்.

வாடிப்பட்டி ஆசிரியை (26 அக்டோபர்)

வணக்கம் சகோதரி. வாடிப்பட்டி ஒன்றியத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் இருபது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். பள்ளியைத் திறக்க வேண்டும் என்று விரும்பும் ஆசிரியை நான். அதை மறைக்காமல் சொல்லிவிட்டே எழுதுகிறேன்.

உங்கள் மகனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முப்பது பேரின் முகம் நினைவுக்கு வந்தது. பள்ளி மூடியிருந்த காலத்தில் சத்துணவுக்கு உரிய அரிசியையும் பருப்பையும் முட்டையையும் பெற்றோர் வந்து வாங்கிச் செல்லும் நாட்களில், கூட வரும் பிள்ளைகளிடம் ஒரு வரி வாசிக்கச் சொல்வேன். ஒன்றாம் வகுப்பில் நன்றாக வாசித்தவர்களில் பலர் இப்போது முதல் சொல்லிலேயே நின்றுவிடுகிறார்கள். எழுத்து மறந்ததைவிட எனக்கு அதிகம் கவலை தருவது, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்களே, அதுதான். எழுத்தை மூன்று மாதத்தில் மீட்டுவிடலாம். இந்த ஒளிந்துகொள்ளும் பழக்கம் நாள் ஆக ஆக இறுகும்.

எங்கள் பள்ளியில் செய்யவிருப்பதைச் சொல்கிறேன். உங்கள் பள்ளியிலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். ஓர் அறையில் இருபது பேருக்கு மேல் உட்கார வைக்கப் போவதில்லை. எண்ணிக்கை கூடுதலாக உள்ள வகுப்புகள் சுழற்சி முறையில் வரும். சன்னல்களில் நான்கு ஆண்டுகளாக அடித்து வைத்திருந்த அட்டைகளைப் போன வாரம் பிடுங்கி எறிந்தோம், ஏனென்றால் கையைக் கழுவ வைப்பதைவிடக் காற்றோட்டத்துக்குத்தான் இந்த நோயில் பெரிய பங்கு உண்டு என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சாப்பாடு வேப்பமரத்தடியில், இடைவெளி விட்டு. அந்த நேரத்தில்தான் எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றுவார்கள் என்பதால் அதை அறைக்குள் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஆசிரியர்கள், சத்துணவு அமைப்பாளர், சமையலர், துப்புரவுப் பணியாளர் அனைவரும் இரண்டு தவணை தடுப்பூசியும் போட்டாயிற்று. உங்கள் பள்ளியில் அப்படி உள்ளதா என்று தலைமையாசிரியரிடம் நேரில் கேட்பதில் தவறே இல்லை. கேட்கும் பெற்றோரை நாங்கள் குறையாக நினைப்பதில்லை.

முதல் சில வாரங்கள் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடவே மாட்டோம். கதை, பாட்டு, எழுத்து அட்டைகள், அவ்வளவுதான். ஆகவே திங்கட்கிழமை வராவிட்டால் பாடம் போய்விடும் என்று பதற வேண்டாம். தீபாவளி நவம்பர் 4, வியாழக்கிழமை. அந்த வாரத்தில் ஊருக்கு ஊர் போக்குவரத்தும் கடைவீதிக் கூட்டமும் இருக்கும். தீபாவளிக்கு அடுத்த திங்கட்கிழமை அனுப்பினாலும் எந்த இழப்பும் இல்லை. பொங்கல் வரை என்றால் மட்டும் நான் வேண்டாம் என்பேன்.

மேலூர் வாசகர் (27 அக்டோபர்)

ஆசிரியை அம்மாவின் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் என் கருத்து வேறு. மே மாதம் என் தாயை இழந்தேன். வீட்டுக்குள் நோயைக் கொண்டுவந்தவன் நான்தான் என்பது எனக்குத் தெரியும். எனக்கு இரண்டு நாள் உடம்புவலி மட்டுமே இருந்தது. அந்த எண்ணம் ஒரு குழந்தையின் மனத்தில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்: உங்கள் மாமியார் இரண்டாவது தவணை போட்டு இரண்டு வாரம் ஆகும் வரை பிள்ளைகளை அனுப்பாதீர்கள். பாடத்தைப் பிறகு படிக்கலாம். நானும் என் மகளை அப்படித்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன், காலையும் மாலையும் நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன்.

செல்லூர் தந்தை (27 அக்டோபர்)

மேலூர் ஐயாவின் துயரத்துக்கு முன்னால் வாதம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் காலையும் மாலையும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் வசதி எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது.

நானும் மனைவியும் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறோம். மனைவி பகல் முறை, நான் பெரும்பாலும் இரவு முறை. பன்னிரண்டு வயது மகள்தான் இந்த ஒன்றரை ஆண்டாக ஐந்து வயதுத் தம்பியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, வீட்டைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். கல்வித் தொலைக்காட்சியில் அவள் வகுப்புப் பாடம் வரும் நேரத்தில் தம்பி கார்ட்டூன் கேட்டு அழுவான். அவள் விட்டுக் கொடுத்துவிடுவாள். எங்கள் சந்தில் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஒரு பையன் பரோட்டாக் கடைக்கு வேலைக்குப் போனான். செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள் திறந்தபோது ஆசிரியர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து அழைத்தும் அவன் திரும்பவில்லை. கையில் தினக்கூலி பார்த்துவிட்டான், வீட்டிலும் கடன் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் இருந்த ஒரு பெண் பிள்ளைக்குச் சொந்தத்திலேயே மாப்பிள்ளை பேசிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நானும் இன்னும் இருவரும் போய்ப் பேசித்தான் நிறுத்தினோம். பள்ளி திறந்திருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

ஆகவே சகோதரி, காத்திருப்பது என்றால் எத்தனை நாள், எதற்காக என்பதைத் தேதி போட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் சந்தில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் வீடுகளில் யாரும் நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்து நிறுத்தவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றுதான் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள்.

கிராம செவிலியர், உசிலம்பட்டிப் பகுதி (27 அக்டோபர், இரவு)

எல்லோருக்கும் வணக்கம். நான் மருத்துவர் அல்ல. பன்னிரண்டு ஆண்டுகளாக ஆரம்ப சுகாதார நிலையத்தின்கீழ் பணியாற்றும் செவிலியர். இரண்டு அலைகளிலும் வீடு வீடாகப் போய் ஆக்சிஜன் அளவு பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மகனைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதே இறுதியானது.

முதலில் உங்கள் மாமியார். உங்கள் வீட்டில் அதிக ஆபத்தில் இருப்பவர் மகன் அல்ல, அவர்தான். எழுபது வயதும் சர்க்கரையும் சேர்ந்தால் இந்த நோய் எப்படித் திரும்பும் என்பதை மே மாதத்தில் நிறையப் பார்த்தோம். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பிள்ளைகள் வீட்டில் இருப்பதால் மட்டும் அவர் பாதுகாப்பாக இருந்துவிடவில்லை. உங்கள் கணவர் தினமும் தொழிற்பேட்டைக்குப் போய்வருகிறார், நீங்கள் ரேஷன் கடைக்கும் சந்தைக்கும் போகிறீர்கள், தீபாவளிக்கு உறவினர் வருவார்கள். பள்ளியை மட்டும் அடைத்துவிட்டு மற்ற வாசல்களைத் திறந்து வைத்திருப்பதால் அவருக்குப் பயன் குறைவு. கோவிஷீல்டு இரண்டாம் தவணைக்கு 84 நாட்கள் இடைவெளி. ஜூலை முதல் வாரத்தில் போட்டவருக்குச் செப்டம்பர் கடைசியிலேயே நாள் வந்துவிட்டது. செப்டம்பர் 12 முதல் வாரந்தோறும் மாபெரும் முகாம்கள் நடக்கின்றன, உங்கள் ஊரிலேயே இருக்கும். முதல் தவணைக்குக் காய்ச்சல் வந்ததைக் காட்டி இரண்டாவதை மறுப்பவர்களை நான் தினமும் சந்திக்கிறேன். கோவிஷீல்டில் பெரும்பாலும் இரண்டாவது தவணைக்கு அவ்வளவு தொந்தரவு வருவதில்லை. வந்தாலும் பாராசிட்டமால் மாத்திரையில் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

இனி மகன். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நம் ஊரில் இன்னும் தடுப்பூசி போடத் தொடங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்த ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் நாடு முழுவதும் எடுத்த இரத்தப் பரிசோதனையில் 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதத்தினருக்கும், 10 முதல் 17 வயதுடையவர்களில் 61.6 சதவீதத்தினருக்கும் எதிர்ப்பொருள் இருந்தது தெரியவந்தது. அதாவது, வீட்டிலேயே இருந்த பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தத் தொற்று வந்து, பெரும்பாலும் நமக்குத் தெரியாமலேயே போயிருக்கிறது. திறப்பதாக இருந்தால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்று அந்தக் கழகத்தின் தலைவர் ஜூலையில் சொன்னதும் இதையெல்லாம் வைத்துத்தான்.

இளைப்பு உள்ள பிள்ளை என்பதற்காகப் பள்ளியை நிறுத்த வேண்டியதில்லை. இளைப்பு கட்டுக்குள் இல்லாத பிள்ளையை நிறுத்தத்தான் வேண்டும். இரவில் இருமி எழுகிறானா, ஓடினால் மூச்சு விசிலடிக்கிறதா என்று இந்த வாரம் கவனியுங்கள். தினமும் இழுக்க வேண்டிய இன்ஹேலர் கொடுத்திருந்தால், நன்றாக இருக்கிறான் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மழைக்காலத்தில் பல வீடுகளில் நடக்கும் தவறு இதுதான். அவசரத்துக்கு இழுக்கும் இன்ஹேலரையும், அதில் மாட்டி மருந்தை இழுக்க உதவும் ஸ்பேசர் குழாயையும் ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள், எப்போது எத்தனை முறை என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் நெபுலைசர் (மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் கருவி) வைத்திருந்தாலும், மருத்துவர் சொன்னால் தவிர, இந்தக் காலத்தில் ஸ்பேசரோடு இன்ஹேலரே நல்லது. நெபுலைசரில் வரும் புகை கிருமியையும் அறை முழுவதும் பரப்பக்கூடும், உங்கள் மாமியார் அதே அறையில் இருப்பார்.

முகக்கவசம் பற்றி: ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தேவையில்லை, ஆறு முதல் பதினொன்று வரை பெரியவர்கள் பார்வையில் அணியலாம், பன்னிரண்டு முதல் பெரியவர்களைப் போலவே அணிய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். உங்கள் மகனுக்கு மூன்றடுக்குப் பருத்தி முகக்கவசம் போதும். மாற்றுக்கு இரண்டு வையுங்கள். மழையில் நனைந்த முகக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தால் மூச்சு முட்டும், பயனும் இல்லை. ஓடி விளையாடும்போது கழற்றட்டும். அவன் மணிக்கணக்கில் போட்டிருக்கவில்லையே என்று அடிக்காதீர்கள். ஷேர் ஆட்டோவில் போட்டிருந்தானா என்பதைத்தான் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் வகுப்பறையைவிட அந்த ஆட்டோதான் எனக்குக் கவலை. முடிந்தால் உங்கள் கணவர் கப்பலூர் போகும் வழியில் வண்டியில் விட்டுவிடட்டும்.

எல்லோருக்குமாக ஒன்று. இது டெங்கு பருவமும்கூட. காய்ச்சல் என்றாலே கொரோனா என்று பயந்து, சொன்னால் ஒதுக்கி வைப்பார்கள் என்று மறைத்து, மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு மாத்திரையைக் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரை நான் சந்தித்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவில். ஆஸ்பிரினும் இபுபுரூஃபெனும் டெங்குவில் இரத்தக்கசிவை உண்டாக்கும். டெங்கு காய்ச்சலில் மூன்று நான்கு நாளுக்குப் பிறகு சூடு குறையும் நேரம்தான் ஆபத்தானது: அப்போது வயிற்றுவலி, தொடர் வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கொரோனா வந்து போன பிள்ளைக்கு இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள், அரிதாக, மறுபடி விடாத காய்ச்சலும் கண் சிவப்பும் தோலில் தடிப்பும் வயிற்றுவலியும் சேர்ந்து வரலாம். அதையும் சாதாரணக் காய்ச்சல் என்று விடக் கூடாது. மூச்சு வாங்கும்போது விலா எலும்புக்கிடையே குழி விழுந்தால், உதடு நீலம் பாய்ந்தால், 108 தான். சந்தேகம் கேட்க 104 எந்நேரமும் இருக்கிறது.

கேள்விக்கு வெளியே ஒரு சொல்: பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய டிடி தடுப்பூசி இந்த ஊரடங்கில் பலருக்கு விடுபட்டுவிட்டது. தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிரான ஊசி அது. பிள்ளைகளின் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

திருமங்கலம் தாய் (28 அக்டோபர்)

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. செவிலியர் அக்கா, மகனுக்கு இரவு இருமல் இல்லை. ஆனால் தினமும் இழுக்கும் இன்ஹேலரை நாங்கள் ஆடி மாதமே நிறுத்திவிட்டோம். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அது தவறு என்று தெரிந்தது. நாளை மருத்துவரிடம் காட்டுகிறோம். மாமியாரிடம் எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை. நான் சொன்னால், என்னைச் சீக்கிரம் அனுப்பப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டார்.

கிராம செவிலியர், உசிலம்பட்டிப் பகுதி (28 அக்டோபர்)

நீங்கள் பேச வேண்டாம் அம்மா. மருமகள் சொல்லி ஊசி போட்டுக்கொண்ட மாமியாரை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். அவர் வயதுள்ள, இரண்டு தவணையும் போட்டு நன்றாக நடமாடும் ஒரு பாட்டியை உங்கள் தெருவிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார வையுங்கள். உங்கள் ஊர் செவிலியரிடமும் சொல்லி வையுங்கள். வீட்டுக்கே வந்து போடச் சொல்லலாம். சர்க்கரை மாத்திரையை அன்றைக்கு நிறுத்தக் கூடாது, சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வாடிப்பட்டி ஆசிரியை (28 அக்டோபர்)

நேற்று விழுப்புரம் மாவட்டத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள், ஒன்றரை மணி நேரம் போல, தன்னார்வலர் ஒருவர் தெருவிலேயே சிறு குழுவுக்குச் சொல்லிக் கொடுப்பது. செல்லூர் சகோதரர் சொன்னது போன்ற வீடுகளுக்கு இது கைகொடுக்கும். சகோதரி, மகளை முதலிலும் மகனைச் சில நாள் கழித்தும் அனுப்பலாம். ஒரே நாளில் இரண்டு பேரையும் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

திருமங்கலம் தாய் (19 நவம்பர் 2021)

சொல்லாமல் விட்டால் நன்றியில்லாதவள் ஆவேன் என்பதால் எழுதுகிறேன். எதிர்த்த வீட்டுப் பாட்டி இரண்டு மாலை வந்து பேசியதில் மாமியார் அக்டோபர் 30 அன்று இரண்டாம் தவணை போட்டுக்கொண்டார். கை வலி ஒரு நாள் இருந்தது, காய்ச்சல் வரவில்லை. மேலூர் ஐயா சொன்ன இரண்டு வாரத்தையும், செல்லூர் சகோதரர் சொன்னபடி தேதி போட்டு முடிவு செய்வதையும் சேர்த்து எடுத்துக்கொண்டோம். மகள் நவம்பர் 8 முதல் போகிறாள். மகனுக்கு நவம்பர் 15 என்று காலண்டரில் அவனையே வட்டம் போட வைத்தோம்.

காலையில் அவன் அப்பா வண்டியில் விடுகிறார், மாலையில் நான் நடந்து போய் அழைத்து வருகிறேன், இரண்டு கிலோமீட்டர். இன்ஹேலர் பையை டீச்சர் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். பாட்டியின் பக்கத்தில் படுப்பதை மட்டும் சில மாதம் நிறுத்தச் சொன்னோம். அதற்குத்தான் அதிகம் அழுதான். முகக்கவசம் மூன்று நாளில் இரண்டைத் தொலைத்துவிட்டான்.

நேற்று புதன்கிழமைப் பாடத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு வரி வாசித்தான், மூன்றாவது வரியில் தடுமாறி, "இது இன்னும் டீச்சர் சொல்லித் தரலம்மா" என்றான். தெரியாததை அவன் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டு நெடுநாள் ஆகிறது. இன்று காலை லேசாக மூக்கு ஒழுகுகிறது, காய்ச்சல் இல்லை, மூச்சும் சீராக இருக்கிறது. ஆனாலும் டீச்சருக்குச் செய்தி அனுப்பிவிட்டு வீட்டில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமைக்குள் சரியானால் அனுப்புவேன். செவிலியர் அக்கா, இதற்குப் பரிசோதனை எடுக்க வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

கிராம செவிலியர், உசிலம்பட்டிப் பகுதி (19 நவம்பர்)

வீட்டில் வைத்தது சரி. இரண்டு நாள் பாருங்கள். காய்ச்சல் வந்தாலோ, பள்ளியிலோ வீட்டிலோ வேறு யாருக்காவது தொற்று உறுதியானாலோ உடனே எடுத்துவிடுங்கள், அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. அதுவரை பாட்டி முன்னறையில் படுக்கட்டும், சன்னலைத் திறந்து வையுங்கள்.